ஸ்குவாட் அடித்தால் டெட்லிஃப்ட் ஏறுமா?

டெட்லிஃப்ட் ஓர் எடையில் வந்து நின்றுவிட்டால், ஜிம்மில் முதலில் கிடைக்கும் அறிவுரை: “ஸ்குவாட்ல வெயிட் ஏத்து, எல்லாம் சரியாயிடும்.” அதை நம்பி மாதக்கணக்கில் உழைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: ஸ்குவாட் ஏறினால் டெட்லிஃப்ட் தானாக ஏறும்.

உண்மை: பாதிதான் சரி. தொடை, பிட்டம், முதுகு மூன்றும் இரண்டிலும் உழைக்கின்றன. ஆனால் டெட்லிஃப்டில் இடுப்பு உயர்ந்து நிற்கிறது, உடல் அதிகம் முன்சாய்கிறது, முழு எடையும் விரல்களில் தொங்குகிறது. தோளில் பாரைச் சுமக்கும் ஸ்குவாட் அந்தப் பிடியை வளர்க்காது. உடல்வாகும் சேர்கிறது. 1985இல் டெட்லிஃப்டில் தன் உடல் எடையைப் போல ஐந்து மடங்கைத் தூக்கிய முதல் மனிதரான அமெரிக்கர் லமார் கேன்ட்டுக்கு நீண்ட கைகளும் பக்கவாட்டில் வளைந்த முதுகெலும்பும் இருந்தன. பாரை உயர்த்த வேண்டிய தூரம் அவருக்குக் குறைவு.

நம்பிக்கை: எந்த ஸ்குவாட் அடித்தாலும் ஒன்றுதான்.

உண்மை: இல்லவே இல்லை. உங்கள் டெட்லிஃப்ட் எங்கே சிக்குகிறது என்பதுதான் கேள்வி.

தரையை விட்டே பார் எழவில்லையா? பாஸ் ஸ்குவாட் உதவும். சாதாரண ஸ்குவாட்டில் இறங்கும்போது இழுபடும் தசைகள், ஏறும்போது ஓர் எகிறலைத் தருகின்றன. தரையில் அசையாமல் கிடக்கும் பாரைத் தூக்கும்போது அந்த உதவி கிடையாது. ஆகவே எடையைக் குறைத்து, அடியில் இரண்டு மூன்று விநாடி உடலைத் தளர்த்தாமல் நின்று எழுங்கள். மேல்முதுகு கூன் விழுந்தால் ஃப்ரன்ட் ஸ்குவாட். பார் முன்தோளில் இருப்பதால், முதுகு மடங்கினால் அது நழுவிவிடும். நிமிர்ந்து நிற்பதைத் தவிர வழியில்லை. முழங்காலுக்கு மேலே வந்து நின்றுவிடுகிறதா? இடுப்பைப் பின்னே தள்ளிப் பெட்டியில் உட்காரும் பாக்ஸ் ஸ்குவாட் ஓரளவு துணை செய்யும். ஆனாலும் அங்கே ருமேனியன் டெட்லிஃப்டையே நான் முதலில் சொல்வேன்.

நம்பிக்கை: வெஸ்ட்சைடு பார்பெல் வீரர்கள் டெட்லிஃப்டே செய்யாமல் பலம் பெற்றார்கள்.

உண்மை: ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் லூயி சிம்மன்ஸ் நடத்திய அந்த ஜிம்மில் பாக்ஸ் ஸ்குவாட்டுக்குத்தான் பெரிய இடம். உச்ச எடையில் டெட்லிஃப்ட் அபூர்வம்தான். ஆனால் குறைந்த எடையில் வேகமாக இழுக்கும் டெட்லிஃப்ட் அவர்கள் பயிற்சியில் இருந்தது. அந்த வீரர்களில் பலர் இறுக்கமான ஸ்குவாட் சூட் அணிந்து போட்டியிட்டவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது; சூட் இல்லாதவர்களுக்கு அவர்கள் முறை அப்படியே பொருந்தாது.

நம்பிக்கை: எல்லா வகையையும் சேர்த்துச் செய்தால் பலன் சீக்கிரம் வரும்.

உண்மை: கீழ்முதுகுதான் சீக்கிரம் களைக்கும். ஒரே ஒரு வகையைத் தேர்ந்து, ஐந்தாறு வாரம் விடாமல் செய்யுங்கள். புதிதாக ஆரம்பித்தவர்களுக்கு இதுகூட வேண்டாம். சாதாரண ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும் போதும்.

அடுத்த முறை கனமான டெட்லிஃப்ட் செட்டைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பார் எந்த உயரத்தில் வேகம் இழக்கிறது என்று பாருங்கள். அதன் பிறகு உங்களுக்கான ஸ்குவாட்டைத் தேர்ந்தெடுங்கள்.