‘ஸ்பிரிங்’ – ஒரு சொல்லும் அதன் பல பொருள்களும்



சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் மொழிபெயர்ப்புப் பயிற்சி ஒன்று நடத்தினோம். களைப்புற்ற வழிப்போக்கன் ஒருவன் மலையடிவாரத்தில் இருந்த ‘ஸ்பிரிங்’கில் நீர் பருகினான் என்பது ஆங்கில வாக்கியம். மாணவன் ஒருவன், “வழிப்போக்கன் மலையடிவாரத்தில் வசந்த காலத்தில் நீர் பருகினான்” என எழுதியிருந்தான். அதனை உரக்கப் படிக்கச் செய்தோம். வகுப்பு சிரித்தது; நாமும் சிரித்துவிட்டோம். பிறகு அவனது குறிப்பேட்டைப் புரட்டினோம். ‘ஸ்பிரிங் – வசந்த காலம்’ என்று ஐந்து முறை அழகாக எழுதப்பட்டிருந்தது. அவ்வாறு எழுதிவரச் சொன்னவர்கள் நாமே! ஒரு சொல்லுக்கு ஒரே பொருளைக் கொடுத்து, அதனை மனனம் செய்வித்தது நம் பிழை. அவனோ பல வாரங்கள் ஆங்கிலப் பாடவேளையில் கையை உயர்த்தவே இல்லை. அன்று சொல்லித்தர மறந்ததை இன்று இம்மலரில் எழுதுகின்றோம்.

‘ஸ்பிரிங்’ என்னும் சொல்லின் அடிப்படைப் பொருள் துள்ளி எழுதல் என்பதாகும். பழைய ஆங்கிலத்தில் அது வினைச்சொல்லாகவும் வழங்கிற்று. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், மற்றப் பொருள்கள் யாவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது தெளிவாகும்.

நிலத்தின் அடியிலிருந்து நீர் துள்ளி மேலே எழுகின்றது. ஆகவே ஊற்றும் ‘ஸ்பிரிங்’ ஆயிற்று. வெந்நீர் ஊற்றினை ‘ஹாட் ஸ்பிரிங்’ என்பர். சிங்கப்பூரில் செம்பவாங்கில் அத்தகைய ஊற்று ஒன்று உண்டு. 1909ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட அவ்விடம் 2020ஆம் ஆண்டில் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 70 பாகை செல்சியசு வெப்பமுள்ள அந்நீரில் மக்கள் முட்டை வேகவைத்து உண்பதைக் காணலாம். பேராக் மாநிலத்துச் சுங்கை கிளாவிலும் சபாவிலுள்ள போரிங்கிலும் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. ஊற்றினை மலாய் மொழியில் ‘மாத்தா ஆயர்’ என்கின்றோம். ‘மாத்தா’ கண், ‘ஆயர்’ நீர். தமிழிலும் நீர் சுரக்கும் இடத்தை ‘ஊற்றுக்கண்’ என்றே வழங்குகின்றோம் அல்லவா? இரு மொழியினரும் அங்கே ஒரு கண்ணைக் கண்டனர். ஆங்கிலேயர் துள்ளலைக் கண்டனர்.

இனி, அம்மாணவனை மயக்கிய பருவகாலத்திற்கு வருவோம். ஆங்கிலேயர் முற்காலத்தில் இப்பருவத்தை வேறு பெயரால் குறித்தனர். பின்னர், இலைகள் துளிர்த்தெழும் காலம் என்னும் கருத்தில் ‘இலையின் ஸ்பிரிங்’, ‘ஆண்டின் ஸ்பிரிங்’ எனச் சொல்லத் தொடங்கினர். பதினாறாம் நூற்றாண்டளவில் அது சுருங்கி ‘ஸ்பிரிங்’ என்றே நின்றுவிட்டது. இலை உதிரும் காலத்தை அமெரிக்கர் ‘ஃபால்’ என்பதும் இவ்வாறு பிறந்ததே. இலை எழுவது ‘ஸ்பிரிங்’, விழுவது ‘ஃபால்’.

இதனைத் தமிழில் வசந்தம் என்றும் இளவேனில் என்றும் எழுதுகின்றோம். இரண்டும் ஏற்புடையனவே. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தல் ஆகாது. நம் முன்னோர் ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகப் பகுத்தனர். சித்திரையும் வைகாசியும் இளவேனில். இங்கிலாந்திலோ மார்ச்சு முதல் மே வரை ‘ஸ்பிரிங்’. அங்குக் குளிர் அப்போதுதான் விலகத் தொடங்கும். தமிழ்ப் பெயர் இளவெயிலை நோக்குகின்றது; ஆங்கிலப் பெயர் தளிரை நோக்குகின்றது; ‘மூசிம் பூங்கா’ என்னும் மலாய்ப் பெயர் மலரை நோக்குகின்றது. நில நடுக்கோட்டை அடுத்து வாழும் நமக்கு இப்பருவங்கள் நேரில் தெரியா. ஆனால் தோட்டப்புறங்களில் வளர்ந்தோர் ஒன்றைக் கண்டிருப்பர். ஆண்டின் முதல் சில மாதங்களில் ரப்பர் மரங்கள் இலைகளை உதிர்த்து நின்று, பின்னர் இளந்தளிர்களால் நிறைந்துவிடும். ஆங்கிலேயர் ‘ஸ்பிரிங்’ என்று எதனைச் சொன்னார்கள் என்பதை நமக்குக் காட்டவல்ல மரம் அதுவே.

சுருள்வில்லும் ‘ஸ்பிரிங்’ எனப்படும். அழுத்தினாலும் இழுத்தாலும், விட்டவுடன் துள்ளித் தன் பழைய நிலையை அடைவதால் அப்பெயர் பெற்றது. மெத்தையிலும் பேனாவிலும் ஊர்திகளின் அடியிலும் இதனைக் காண்கின்றோம். எத்துணை விசையுடன் இழுக்கின்றோமோ அதற்கேற்ற அளவில் சுருள்வில் நீளும் என்பதை 1678ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிவியலறிஞர் நூலில் எழுதி வெளியிட்டார். சுருள்வில் தராசு எடை காட்டுவது இவ்விதியைக் கொண்டுதான்.

வினைச்சொல்லாக வரும்போது இதற்கு ஒத்த சொற்கள் ஆங்கிலத்தில் பல: ‘ஜம்ப்’, ‘லீப்’, ‘ஹாப்’, ‘பவுன்ஸ்’ முதலியன. ஒரு பொருட் சொற்கள் என்பதனால் ஒன்றன் இடத்தில் மற்றொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம் என எண்ணிவிடாதீர்கள்! தமிழில் மீன் துள்ளும், குரங்கு தாவும், புலி பாயும், சிட்டுக்குருவி தத்தும். ‘குரங்கு தத்திற்று’ என்றால் அதற்குக் காலில் அடிபட்டதோ என்று கேட்கத் தோன்றும். அவ்வாறே ‘ஹாப்’ என்பது தத்துதல். ‘பவுன்ஸ்’ என்பது இரைமேல் பாய்தல். ‘ஸ்பிரிங்’ என்பது பதுங்கியோ அமர்ந்தோ இருந்த நிலையிலிருந்து சட்டென எழும் துள்ளல். இறந்த காலத்தில் ‘ஸ்பிராங்’ என்றாகும். ‘ஸ்பிரிங்டு’ என்று எழுதுவது பிழை.

வேறு சொற்களோடு சேரும்போதுதான் ஏமாற்றம் மிகுதி. ‘ஸ்பிரிங் டைட்’ என்பதை வசந்த கால அலை என எழுதினால் முழுத் தவறு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல்நீர் வழக்கத்தினும் மிகுந்து ஏறும் பேரோதமே அது. எல்லாப் பருவத்திலும் உண்டு. ‘ஸ்பிரிங் ஆனியன்’ நம் வெங்காயத்தாள். ‘ஸ்பிரிங் ரோல்’ என்னும் பலகாரம் சுருள்வில்போல் சுருட்டப்படுவதால் அப்பெயர் பெற்றது என மாணவர் சிலர் நம்மிடம் வாதிட்டதுண்டு. நல்ல ஊகந்தான், ஆனால் அது வசந்தத்தைக் குறிக்கும் சீனப் பெயரின் மொழிபெயர்ப்பு. படகு ஒன்று ‘ஸ்பிராங் எ லீக்’ என்று கதையில் வந்தால், அது துள்ளவில்லை. அதில் ஓட்டை விழுந்து நீர் புகத் தொடங்கிற்று என்று பொருள்.

‘ஆஃப்ஸ்பிரிங்’ என்பது நமக்கு மிகவும் பிடித்த சொல். பிள்ளைகள், வழித்தோன்றல் என்பது பொருள். ஒருவரிடமிருந்து துளிர்த்தெழுந்தவர் என்பது உட்கருத்து. தமிழிலும் மகவினைக் ‘கான்முளை’ எனக் குறிக்கும் பழஞ்சொல் உண்டு. முளை என்றாலும் துளிர் என்றாலும் கருத்து ஒன்றே. ஒன்றைப் பார்த்து மற்றொன்று பிறக்கவில்லை.

இத்தனை பொருளையும் எவ்வாறு நினைவிற் கொள்வது என்று கேட்பீர்கள். மனனம் செய்யவே வேண்டா. அகராதியைத் திறந்தால் முதல் பொருளோடு மூடிவிடாமல், எண்ணிட்ட பொருள்கள் அனைத்தையும் ஒருமுறை படியுங்கள். பிறகு வாக்கியத்திற்குத் திரும்பி, அச்சொல்லின் அருகில் நிற்பன யாவை எனப் பாருங்கள். அம்மாணவனின் வாக்கியத்தில் ‘பருகினான்’ என்னும் வினை பக்கத்திலேயே இருந்தது. காலத்தைப் பருக இயலாது. ஊற்றையே பருக இயலும். இதனைக் காட்டிக்கொடுக்க நமக்கு அரை நிமிடமே ஆகியிருக்கும்.

இனி உங்கள் பங்கு. ‘பேங்க்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மீனவர் ஒருவர் ஆற்றின் ‘பேங்க்’கில் அமர்ந்திருந்தார், பணம் செலுத்த அவர் மனைவி ‘பேங்க்’கிற்குச் சென்றார். இவ்விரண்டையும் தமிழில் எழுதுங்கள். எந்தச் சொல்லைக் கண்டு பொருளைத் தெரிந்துகொண்டீர்கள் என்பதனை அடிக்கோடிட்டு, வரும் திங்கட்கிழமை வகுப்பிற்குக் கொண்டு வாருங்கள். தவறாக எழுதியவரைப் பார்த்து இம்முறை எவரும் சிரிக்க மாட்டோம்.