நால்வர் அணி: ஒரு முதல் இதழ் தரும் பாடம்

சித்திரக்கதை பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் என்று நினைக்கும் பெற்றோர் நம்மில் பலர் உண்டு. அவர்களில் சிலரே 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவர்கள்தாம்! தடுப்பதை விட, பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படிப்பது நல்லது. அதற்கு ஏற்ற ஒரு புத்தகத்தை இங்கே பார்ப்போம்.

அமெரிக்காவில் 1961-இல் வெளிவந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதல் இதழ் அது. விலை 10 சென்ட். ஸ்டான் லீ, ஜாக் கிர்பி இருவரின் படைப்பு. பின்னாளில் மார்வெல் என்று புகழ்பெற்ற நிறுவனத்தின் வெளியீடு. அதற்கு முந்தைய ஆண்டு டி.சி. நிறுவனம் 'ஜஸ்டிஸ் லீக்' அணியைத் தொடங்கியிருந்தது. அதில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே தனித்தனியே பெயர் பெற்ற வீரர்கள். நால்வர் அணியிலோ, வீரர்கள் உருவாவதும் அணி உருவாவதும் ஒரே கதையில் நடக்கின்றன. ஆகவே ஓர் அணி எப்படிப் பிறக்கிறது என்று படிக்க இது வசதியானது.

கதை இதுதான். விஞ்ஞானி ரீட் ரிச்சர்ட்ஸ் ஒரு ராக்கெட் கட்டியிருக்கிறார். 1961 ஏப்ரலில் சோவியத் வீரர் ககாரின் விண்வெளிக்குச் சென்று வந்த காலம், போட்டி கடுமை. காஸ்மிக் கதிர்களின் விளைவு சரியாகத் தெரியாமல் போவது ஆபத்து என்று விமானி பென் கிரிம் எச்சரிக்கிறான். ரீட் மணக்கவிருக்கும் சூ அவனைக் கோழை என்கிறாள். ரோஷத்தில் அவனே ஓட்டச் சம்மதிக்கிறான். சூவின் தம்பி ஜானியும் சேர, நால்வரும் அனுமதி இல்லாமல் புறப்படுகிறார்கள்.

ரயில்வேயில் வேலை பார்த்தவன் இந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போக முடியாது. லைன் கிளியர் இல்லாமல் வண்டி நகரக் கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம். வண்டியை ஓட்டுபவரே ஒரு குறை சொன்னால், அதைப் பார்க்காமல் கிளம்பச் சொல்வது அதைவிடப் பெரிய தவறு.

கதிர்கள் தாக்குகின்றன, ராக்கெட் தரையில் வந்து விழுகிறது. ரீடின் உடல் ரப்பர் போல நீள்கிறது. சூ கண்ணுக்கு மறைகிறாள். ஜானி தீப்பிழம்பாகிப் பறக்கிறான். இம்மூவரும் மீண்டும் மனித உருவத்துக்கு வந்துவிடுகிறார்கள். பென் மட்டும் கரடுமுரடான ராட்சத உடம்போடு அப்படியே நின்றுவிடுகிறான். துணிக்கடையில் அவன் அளவுக்கு உடுப்புக் கிடைப்பதில்லை. தெருவில் அவனைக் கண்டு ஜனங்கள் பயப்படுகிறார்கள். எச்சரித்தவனுக்கே அதிக நஷ்டம்! அவன் ரீட் மீது கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நால்வரும் கை மேல் கை வைத்து, இந்தச் சக்தியை மனிதகுலத்துக்குப் பயன்படுத்துவோம் என்று உறுதி கொள்கிறார்கள்.

அடுத்து எதிரி வருகிறான். பூமிக்கு அடியிலிருந்து அணு நிலையங்களை இழுத்து விழுங்கும் 'மோல் மேன்'. அவன் ஏன் அப்படி ஆனான்? முகத்தைப் பார்த்து ஊரார் கேலி செய்து ஒதுக்கியதால் பாதாளத்துக்குப் போனவன் அவன். பென்னுக்கும் அவனுக்கும் தோற்றத்தால் வந்த துன்பம் ஒன்றே. பென்னுக்குச் சண்டை போடவாவது மூன்று பேர் இருக்கிறார்கள். மோல் மேனுக்கு ஒருவரும் இல்லை. ஒருவன் காப்பவனாகவும் மற்றவன் அழிப்பவனாகவும் ஆனதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதில் ஒரு விசேஷம்: முதல் இதழில் இவர்களுக்குச் சீருடை கிடையாது. அது மூன்றாம் இதழில்தான் வருகிறது. சீருடைக்கு முன்பே அணி வந்துவிட்டது.

வீட்டுப் பயிற்சி: படித்து முடித்ததும் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. பென் சொன்னதைக் கேட்டிருந்தால் ரீட் முதலில் என்ன செய்திருக்க வேண்டும்?

2. பென்னுக்கு மற்ற மூவரும் என்ன கடன்பட்டிருக்கிறார்கள்?

3. உங்கள் வகுப்பில் மோல் மேன் போல ஒதுக்கப்பட்ட பிள்ளை யாராவது உண்டா?

பதிலைத் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். பள்ளியில் நாள் முழுதும் இந்தியும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகள் தட்டுத் தடுமாறுவார்கள், பொறுமையாகக் கேளுங்கள். மூன்றாம் கேள்விக்கு வரும் பதிலை இன்னும் சற்று அதிகப் பொறுமையோடு கேளுங்கள். அந்தப் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம்.