பாலித் தீவின் மலையும் நீரும்

ஊருக்கு ஊர் மட்டுமன்றி, வயல்வெளிகளிலும் கோயில்களைக் கொண்டது இந்தோனேசியாவின் பாலித் தீவு. ஜாவாவுக்குக் கிழக்கே, பூமத்திய ரேகைக்குத் தெற்கில் சுமார் 8 பாகையில் இது அமைந்துள்ளது. மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள்.

தீவின் குறுக்கே எரிமலைத் தொடர் ஒன்று செல்கிறது. அதில் 3,000 மீட்டருக்கும் உயர்ந்த ஆகுங் மலையின் சரிவில் பெசாக்கி பெருங்கோயில் உள்ளது. 1963-இல் அம்மலை சீறியெழுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீக்குழம்போ கோயிலைத் தீண்டாமல் விலகிச் சென்றது. அழிவைத் தந்த அதே சாம்பல்தான் மண்ணுக்கு வளத்தையும் தருகிறது. அங்கே திசையைக்கூட மலையே தீர்மானிக்கிறது. மலைப்பக்கம் 'காஜா', கடற்பக்கம் 'கெலோட்'. ஆகவே தென்பகுதியில் வாழ்பவருக்குக் காஜா வடக்கு. வடகரையில் வாழ்பவருக்கு அதுவே தெற்கு!

வெப்பம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. பருவங்களைப் பிரிப்பது மழையே. நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். நம் நாட்டில் தென்மேற்குப் பருவமழை பொழியும் ஜூலை, ஆகஸ்டில் அங்கே ஆஸ்திரேலியப் பக்கமிருந்து வறண்ட காற்று வீசுகிறது.

ஆறுகள் ஆழமான பள்ளங்களில் ஓடுவதால் நீரை நேரே வயலுக்கு ஏற்ற இயலாது. எனவே மேலே அணைகட்டி, பாறையைக் குடைந்து வாய்க்கால் அமைத்தனர். இந்நீரைப் பங்கிடும் உழவர் அமைப்பே 'சுபாக்'. இது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. எல்லோரும் ஒரே நாளில் நட்டால் நீர் போதாது; ஆளுக்கொரு நாளில் நட்டால் பூச்சிகளுக்கு எப்போதும் உணவு கிடைக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட முறையை உழவர்கள் நீர்க்கோயில்களில் கூடி முடிவு செய்கின்றனர். இக்கோயில்களுக்குத் தலைமையானது பாத்தூர் ஏரியின் தேவி தானு ஆலயம். அந்த ஏரியிலிருந்து ஆறு எதுவும் புறப்படுவதில்லை. ஆயினும் கீழே சுரக்கும் ஊற்றுகளுக்கெல்லாம் அத்தேவியே தாய் என்பது மக்களின் நம்பிக்கை.

1970-களில் பசுமைப் புரட்சி வந்தபோது, கோயில் முறையை விட்டு இடைவிடாது நெல் பயிரிடுமாறு உழவர்கள் ஏவப்பட்டனர். விளைவு, பூச்சித் தாக்குதலும் நீர்ச்சண்டையும். பின்னர் ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளர், சூழலியலாளர் ஒருவருடன் சேர்ந்து கணினி வழியே ஆராய்ந்து, கோயில்களின் ஏற்பாடே நல்ல விளைச்சலைத் தரவல்லது எனக் காட்டினார். 2012-இல் யுனெஸ்கோ சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இன்று ஆபத்து வேறு வடிவில் வருகிறது. விடுதிகளுக்காக வயல்கள் விற்கப்படுகின்றன. மேல்வயல் கட்டடமாக மாறினால் அதன் வழியே பாயும் வாய்க்காலும் தடைப்படும். பிறகு கீழே உள்ளவர் முறைப்படி நட்டும் பயனில்லை.