தோழமையும் தொண்டும்: ஊர்ச் சேவைச் சங்கங்களைப் பற்றி ஒரு பாடம்

நம் பக்கத்து நகரங்களில் பேருந்து நிலைய நிழற்குடையின் மீதோ, அரசு மருத்துவமனைக் குடிநீர்த் தொட்டியின் மீதோ, பற்சக்கரம் ஒன்றையோ சிங்க முகங்களையோ பொறித்த பலகையைக் காணாதார் இலர். பற்சக்கரம் ரோட்டரி சங்கத்தின் சின்னம். சிங்க முகங்கள் அரிமா சங்கத்தின் சின்னம். நம் குடும்பங்களைச் சார்ந்த ஆசிரியர்களும் வணிகர்களும் இச்சங்கங்களில் உறுப்பினராய் இருந்து வருகின்றனர். ஆயினும், "அங்கே என்னதான் செய்கிறீர்கள்?" என்று இல்லத்தார் வினவினால், "கூட்டம், சாப்பாடு, ஆண்டுக்கொரு முகாம்" என்பதற்கு மேல் விடை வருவதில்லை. அம்மூன்று சொற்களும் உண்மையே. அவை எவ்வாறு ஒன்றோடொன்று சேர்ந்தன, எவ்விடத்தில் ஒன்றையொன்று விழுங்குகின்றன என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

ரோட்டரியின் வரலாற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். 1905 ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று, அமெரிக்காவின் சிகாகோ நகரில், பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் தம் நண்பர் மூவருடன் ஓர் அலுவலக அறையில் கூடினார். ஒருவர் நிலக்கரி வணிகர்; ஒருவர் சுரங்கப் பொறியாளர்; ஒருவர் தையல் தொழில் நடத்தியவர். பால் ஹாரிஸ் வெர்மாண்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தவர். பெருநகரில் அறிமுகமானவர் பலர் இருந்தும் நண்பர் எவரும் இலரே என்ற ஏக்கமே அவரை இக்கூட்டத்திற்குத் தூண்டியது. உறுப்பினரின் அலுவலகங்களில் முறை வைத்துச் சுழன்று கூடியதால் 'ரோட்டரி' என்று பெயர் பெற்றது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்று தேர்ந்தெடுத்தனர். போட்டியாளர் இருவர் ஒரே அறையில் இருந்தால் மனம் திறந்த பேச்சு நிகழாது என்பது அவர்கள் கருத்து. 'திருவாளர்' என்ற அடைமொழியை நீக்கி, ஒருவரையொருவர் இயற்பெயராலேயே அழைத்துக்கொண்டனர்.

இத்தொடக்கத்தில் தொண்டு என்ற சொல்லே இல்லை என்பதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். உறுப்பினர் ஒருவருக்கொருவர் வாணிகம் கொடுத்து உதவிக்கொள்வதும் சங்கத்தின் நோக்கமாகவே இருந்தது. எவர் எவருக்கு எவ்வளவு வியாபாரம் தந்தார் என்று கணக்கெழுதத் தனியே ஓர் அலுவலர் கூட இருந்தார்! 1906 இல் டொனால்டு கார்ட்டர் என்னும் காப்புரிமை வழக்கறிஞரை உறுப்பினராகுமாறு அழைத்தனர். அவர் விதிகளைக் கேட்டறிந்து, தம் உறுப்பினருக்கன்றி வேறெவர்க்கும் பயன்படாத ஒரு சங்கம் நெடுநாள் நில்லாது என்று கூறி மறுத்துவிட்டார். சங்கத்தார் சினங்கொள்ளவில்லை. அவரது கூற்றை ஏற்று, நகருக்குப் பயன்படுவதையும் நோக்கங்களில் ஒன்றாகச் சேர்த்து, அவரையும் உறுப்பினராக்கினர். சேர மறுத்த ஒருவரே சங்கத்தின் போக்கை மாற்றினார் என்பது நமக்கு இன்றும் வியப்பளிக்கின்றது.

அதன்பின் அவர்கள் எடுத்துக்கொண்ட முதற் பெரும் பணி எது தெரியுமா? பொதுக் கழிப்பிடம்! நகர் நடுவே வருவோர் இயற்கை உபாதைக்கு ஒதுங்க இடமின்றி அல்லலுற்றனர். 1907 இல் சங்கத்தார் இக்கோரிக்கையை நகராட்சியிடம் கொண்டு சென்றனர். எதிர்ப்பு இரு திசைகளிலிருந்து வந்தது. ஆடவர்க்கு எங்கள் மதுக்கடைகளில் வசதி உண்டே என்றனர் மது வணிகர். பெண்டிர்க்கு எங்கள் பேரங்காடிகளில் வசதி உண்டே என்றனர் கடை முதலாளிகள். கழிப்பிடத்தை நாடி உள்ளே வருபவர் ஏதேனும் வாங்காமல் போவதில்லை அன்றோ? ஏறத்தாழ ஈராண்டு போராடியே அப்பணி முடிந்தது. பேனா, பரிசுக் கோப்பை, சால்வை என்று எளிதில் முடியும் நிகழ்ச்சிகளையே நாடுகின்ற இக்காலச் சங்கங்கள் இக்கதையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்பது எம் கருத்து.

அரிமா சங்கமும் அதே சிகாகோவில்தான் முளைத்தது. 1917 இல் மெல்வின் ஜோன்ஸ் என்னும் காப்பீட்டு முகவர், வாணிக நலனுக்காக மட்டுமே இயங்கிய குழுக்களை ஒன்றிணைத்து அதனை உருவாக்கினார். 1925 இல் ஹெலன் கெல்லர் அம்மையார் ஒஹையோ மாநிலத்தில் நடந்த அரிமா மாநாட்டில் தோன்றி, பார்வையற்றோர்க்குத் துணை நிற்குமாறு வேண்டினார். நம் ஊர்களில் கண் சிகிச்சை முகாம் என்றவுடன் அரிமா சங்கம் நினைவுக்கு வருவதற்கு அவ்வேண்டுகோளே வித்து.

இந்தியாவில் ரோட்டரி 1919 இல் கல்கத்தாவில் தொடங்கியது; சென்னையில் 1929 இல். கல்கத்தாவைச் சேர்ந்த நிதீஷ் லஹரி 1962-63 ஆம் ஆண்டில் உலகத் தலைவராய் விளங்கினார். ஆசியாவிலிருந்து அப்பதவிக்கு வந்த முதல்வர் அவரே.

இனித் தோழமையைப் பற்றிச் சிறிது காண்போம். வாரம் ஒருமுறை கூடுவது ரோட்டரியின் பழைய விதி. 2016 முதல் மாதம் இருமுறை கூடினாலும் போதும் என்று தளர்த்தியுள்ளனர். கூட்டத்தில் கடந்த கூட்டக் குறிப்பு படிக்கப்பெறும், பிறந்தநாள், மணநாள் கண்டவர்க்கு வாழ்த்துக் கூறப்பெறும், விருந்தினர் ஒருவர் உரையாற்றுவார், பின்னர் உணவு. இவ்வளவில் என்ன பயன் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அரிசி மண்டிக்காரரும், தலைமையாசிரியரும், மருந்துக்கடைக்காரரும், பொறியாளரும் ஒரே பந்தியில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தால்தான், வெள்ளம் வந்த இரவில் எவரிடம் லாரி உண்டு, எவரிடம் பள்ளிச் சாவி உண்டு என்று தேடாமல் காரியம் நடக்கும். அறிமுகமற்றோர் நூறு பேர் ஒரே நாளில் கூடினாலும் அது கைகூடாது.

நம்மவர்க்கு இதில் ஓர் இடையூறு உண்டு. பெரும்பாலான நகரங்களில் சங்கக் கூட்டம் இரவு 7.30 மணிக்குத் தொடங்கும். உணவு 9 மணிக்கு. பொழுது சாய்ந்தபின் உண்ணாத நம் குடும்பத்தினர் பந்தியில் அமராமல் விடைபெறுவர். அல்லது ஒரு மூலையில் வெறுங்கையுடன் அமர்ந்திருப்பர். சிலர் இது பற்றியே சங்கத்தை விட்டு விலகியதையும் நாம் அறிவோம். அது தேவையற்றது. நாம் உறுப்பினராயிருந்த சங்கத்தில் ஒருவர் இதனைத் தயங்காமல் எடுத்துரைத்தார். "தோழமை வேண்டும், நோன்பும் வேண்டும். மாதத்தில் ஒரு கூட்டத்தையேனும் மாலை 5 மணிக்கு வைப்பீர்களா?" என்றார். எளிதில் இசைந்தனர். சர்க்கரை நோயுற்ற மூத்த உறுப்பினர் நால்வர் அம்மாலைக் கூட்டத்தையே பெரிதும் விரும்பினர் என்பது எவரும் எதிர்பாராதது.

பெண்டிர்க்கு இச்சங்கங்களின் கதவு நெடுநாள் மூடியே இருந்தது. உறுப்பினரின் துணைவியர்க்கென 1924 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 'இன்னர் வீல்' என்னும் தனி அமைப்பு தோன்றியது. 1977 இல் கலிபோர்னியாவின் டுவார்ட்டி நகரச் சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதற்காகவே அச்சங்கம் நீக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1987 இல் பெண்களுக்குச் சாதகமாய் முடிந்தது. 1989 இல் ரோட்டரி தன் விதியையே திருத்திக்கொண்டது. தோழமை என்பது சிலரைச் சேர்ப்பதோடு சிலரை விலக்குவதாகவும் ஆகிவிடக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

தொண்டின் அளவுக்கு எடுத்துக்காட்டு வேண்டின், இளம்பிள்ளை வாதத்தைச் சொல்லலாம். 1979 இல் பிலிப்பைன்ஸ் நாட்டுக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து வழங்குவதில் ரோட்டரி இறங்கியது. 1985 இல் உலகளாவிய திட்டமாக அதனை அறிவித்தது. நம் வடஆர்க்காட்டு வாசகர்க்கு ஒரு செய்தி: 1980-களின் தொடக்கத்திலேயே வேலூரில் மருத்துவர் ஜேக்கப் ஜான் அவர்கள், கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சார்பில், அந்நகர ரோட்டரி சங்கத்தாரின் துணையுடன், குறித்த நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருசேரச் சொட்டு மருந்து அளிக்கும் முறையைச் செய்து காட்டினார். நாடு முழுவதும் அம்முறை 1995 இல்தான் தொடங்கியது. மருந்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் சுமந்து செல்வதும், சாவடியில் அமர்வதும், குழந்தையின் சுண்டுவிரல் நகத்தில் மையிடுவதும், விடுபட்ட வீடுகளுக்கு மறுநாள் நடப்பதும் பல்லாயிரவர் செய்த சிறு வேலைகள். இந்தியாவின் கடைசி நோயாளி 2011 சனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் கண்டறியப்பட்ட ஒரு பெண் குழந்தை. 2014 மார்ச் 27 அன்று நம் நாடு இந்நோய் நீங்கிய நாடென்று சான்று பெற்றது.

இறுதியாக, ரோட்டரி கூட்டங்களில் ஓதப்பெறும் 'நான்கு வழிச் சோதனை' பற்றி ஒரு சொல். 1932 இல், கடனில் மூழ்கும் நிலையிலிருந்த அலுமினியப் பாத்திர நிறுவனம் ஒன்றைக் காக்க முயன்ற ஹெர்பர்ட் டெய்லர் என்பார் தமக்கென எழுதிக்கொண்ட நான்கு வினாக்கள் அவை. நாம் சொல்வதும் செய்வதும் உண்மையா, எல்லோர்க்கும் நேர்மையானதா, நல்லெண்ணம் வளர்க்குமா, அனைவர்க்கும் நன்மை தருமா என்பது அவற்றின் சாரம். வெவ்வேறு சமயப் பிரிவினரான தம் துறைத் தலைவர் நால்வரிடம் காட்டி, எவர் நம்பிக்கைக்கும் மாறில்லை என்று தெளிந்த பின்னரே அவர் நடைமுறைப்படுத்தினார். முதல் வினாவே கடினமானது. அது எங்ஙனம் என்பதை நாம் கண்கூடாகக் கண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் சங்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தியது. சுவரொட்டி ஒட்டுவதும், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர்தோறும் அறிவிப்பதும், பந்தலும் தண்ணீரும் சங்கத்தின் பொறுப்பு; மருத்துவக் குழு மருத்துவமனையின் பொறுப்பு. பெயர்ப் பதிவு, பார்வைச் சோதனை, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை என்று ஒவ்வொரு மேசையாகக் கடந்து, கண்புரை அறுவைக்கு 43 பேர் தேர்வாயினர். அவர்களைப் பேருந்தில் ஏற்றிச் சென்று, உள்விழி லென்ஸ் பொருத்தி, சில நாட்களில் திரும்பக் கொணர்ந்து விடுவர். பிற்பகல் 1 மணி ஆயிற்று. விழா முடிந்து, படம் எடுத்து, நாம் எல்லோரும் உணவு விடுதிக்குச் சென்றுவிட்டோம். சைக்கிள் கடை வைத்திருந்த உறுப்பினர் ஒருவர் மட்டும் பேருந்தினருகே நின்றார்.

ஒரு மூதாட்டி ஏறிய வண்டியிலிருந்து இறங்கி, கையால் தடவியவாறே வாயிலை நோக்கி நடந்தார்.

"ஆயா, எங்க போறீங்க?"

"ஆட்டைக் கட்டிப்போட்டு வந்துட்டேன் தம்பி. ரெண்டு நாளுக்கு யாரு தண்ணி காட்டுவா? கண்ணு போனாப் போவட்டும்."

அவர் ஊரையும் அண்டை வீட்டார் பெயரையும் கேட்டறிந்து, தாமே சென்று சொல்லிவிடுவதாக வாக்களித்து, நண்பர் அவரை மீண்டும் ஏற்றினார். அன்று மாலையே மிதிவண்டியில் அவ்வூருக்குச் சென்று ஆட்டையும் ஒப்படைத்தார். அதற்குள் வேறு ஐவர் இவ்வாறே நழுவிவிட்டதை அவர் அறியவில்லை. வண்டி புறப்படும்போது எண்ணியதில் 38 பேரே இருந்தனர்.

அடுத்த கூட்டத்தில் செயலர் அறிக்கை வாசித்தார். "43 பேருக்குக் கண்ணொளி வழங்கினோம்" என்றார். கைதட்டல் எழுந்தது. சைக்கிள் கடைக்காரர் எழுந்து, "38 என்று திருத்த வேண்டும்" என்றார். மேலிடத்திற்கு அறிக்கை அனுப்பியாயிற்று என்றனர் சிலர். ஐந்து பேரில் என்ன இருக்கிறது என்றனர் சிலர். சிறிது நேரத்திற்கு முன்புதான் நாம் அனைவரும் எழுந்து நின்று அந்நான்கு வினாக்களை ஓதியிருந்தோம்! எவர்க்கும் அதனை நினைவூட்டத் துணிவில்லை, எமக்கும் இல்லை. அவரும் அதைச் சொல்லவில்லை. "அவங்க அஞ்சு பேரு விலாசமும் பதிவேட்டுல இருக்குது" என்றார், அவ்வளவே. தலைவர் நெடுநேரம் மௌனமாயிருந்து, பின் தம் கையாலேயே குறிப்பேட்டில் 43 ஐ அடித்து 38 என்று எழுதினார்.

அவ்வாரமே இருவர் இருவராய்ப் பிரிந்து அவ்வைவரையும் தேடிப் புறப்பட்டோம். வீட்டில் துணை இல்லாமை, கூலி போகுமே என்ற கவலை, கத்தி என்ற அச்சம், இவையே காரணங்கள். மூவர் அடுத்த முகாமுக்கு இசைந்து வந்தனர். ஒருவர் மகள் வீட்டுக்கு வேறூர் சென்றுவிட்டார். ஒரு பெண்மணி எவ்வளவு சொல்லியும் இசையவில்லை. மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மறு ஆண்டு முகாமில் பேருந்து புறப்பட்ட பின்னரே சங்கத்தார்க்கு உணவு என்று தீர்மானமாயிற்று. வீட்டுக்குச் செய்தி சொல்லவேண்டியவர்கள் பெயரைக் குறிக்கவென ஒரு தனி மேசையும் போடப்பட்டது. அன்று நாம் உண்ண அமர்ந்தபோது மணி மூன்றரை.