முற்றட்டும் என்று காத்திருக்கலாமா?

"புரை இன்னும் முற்றவில்லை, முற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று முதியோர் சிலர் கூறக் கேட்டிருப்போம். கண்வில்லையை முழுதாக வெளியே எடுத்த அக்காலத்தில் இக்கருத்துக்குப் பொருள் இருந்தது. இன்று நிலைமை மாறிவிட்டது. செராசில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற இடங்களில் பயிற்சி பெறும் கண் மருத்துவர்கள், புரை முற்றும்வரை காத்திருக்கச் சொல்வதில்லை.

வில்லையில் உள்ள புரதம் கலங்கி, ஒளியைத் தடுப்பதே கண்புரை. 2014ஆம் ஆண்டின் தேசியக் கண் ஆய்வின்படி, மலேசியாவில் 50 வயதை எட்டியோரின் பார்வையிழப்புக்குச் சிகிச்சை பெறாத கண்புரையே முதன்மைக் காரணமாகும்.

முற்றிய புரை ஒரே வகையன்று. வெண்புரையில் வில்லை முழுதும் பால்போல் வெளுத்துவிடும். சில வேளைகளில் அது நீர்கோத்து உப்பியிருக்கும். அப்போது வில்லையின் மெல்லிய உறையைத் திறக்கையில், அஃது ஓரம்வரை கிழியக்கூடும். எனவே, மருத்துவர்கள் உறைக்கு நீலச் சாயமேற்றிக் கவனமாகத் திறக்கின்றனர்.

பழுப்புப் புரையில் வில்லையின் நடுப்பகுதி கல்போல் இறுகிவிடும். அதை மீயொலியால் உடைக்க அதிக ஆற்றல் தேவை. அவ்வாற்றல் கருவிழியின் உட்புற உயிரணுக்களைச் சிதைக்கலாம். அவை மீண்டும் வளர்வதில்லை. ஆகையால், சிறு கீறல்வழி நடுப்பகுதியைக் கையாலேயே வெளியே எடுக்கும் முறையும் உண்டு. 1976ஆம் ஆண்டு மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இம்முறையைப் பெரிதும் கையாள்கிறது.

மேலும் முற்றினால், வில்லையின் வெளிப்பகுதி நீராகிவிடும். கசியும் புரதம் கண்ணழுத்தத்தை உயர்த்திப் பார்வை நரம்பைக் கெடுக்கலாம்.

அறுவைக்குப் பின் பார்வை திரும்புமா? வெண்புரையாயினும், விழித்திரையும் நரம்பும் நலமாக இருந்தால் நல்ல பார்வை கிட்டும். பழுப்புப் புரையை அகற்றிய பின், கருவிழி வீக்கத்தால் பார்வை சில காலம் மங்கலாக இருந்து, பெரும்பாலும் மெல்லத் தெளியும். கெட்டுப்போன நரம்பை மட்டும் எந்த அறுவையாலும் மீட்க முடியாது. முற்றிய புரை விழித்திரையை மறைத்துவிடுவதால், மருத்துவர்கள் முன்னரே மீயொலிப் படம் எடுத்துப் பார்க்கின்றனர்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதால் பயனில்லை. தாத்தா பாட்டியின் பார்வை மங்குவதாகத் தெரிந்தால், அவர்களைக் காலத்தோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்வது பேரப்பிள்ளைகளின் கடமையன்றோ?