நம் வீட்டுக் கேன் தண்ணீரின் உண்மையான விலை



மாதக் கணக்கு எழுதும் வீடுகளில் அரிசி, பால், மின்கட்டணம் எல்லாம் தனித்தனி வரியில் இருக்கும். கேன் தண்ணீர் மட்டும் சில்லறைச் செலவோடு சேர்ந்து மறைந்துவிடும். இந்த மாதப் பாடத்தில் அதை வெளியே எடுத்துப் பார்ப்போம்.

20 லிட்டர் கேன் ஒன்று 35 ரூபாய் என்றும், குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு ஒரு கேன் ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 1,050 ரூபாய், ஆண்டுக்கு 12,600 ரூபாய். மாத வருமானம் 50,000 உள்ளவருக்கு இது பெரிதாகத் தெரியாது. 10,000 ரூபாயில் குடும்பம் நடத்துபவருக்கோ வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தண்ணீருக்கே போய்விடுகிறது. குழாய் வரி இதில் சேரவில்லை.

ஏன் வாங்குகிறோம்?

அசுத்தத்துக்கோ நோய்க்கோ பயந்து வீட்டார் தாமாகச் செய்யும் செலவைச் சுற்றுச்சூழல் பொருளாதாரத்தில் 'தவிர்ப்புச் செலவு' என்பார்கள். கொதிக்க வைக்கும் கேஸ், வடிகட்டி, ஆர்.ஓ. கருவி, கேன் எல்லாமே இதில் அடங்கும். மக்கள் இப்படி எவ்வளவு செலவிடுகிறார்கள் என்பதை வைத்து, நல்ல தண்ணீருக்கு அவர்கள் தரும் மதிப்பை ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

ஆனால் நாம் தண்ணீரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நாக்கை வைத்துத்தான். உப்புக் கரித்தால் கெட்ட தண்ணீர், இனித்தால் நல்ல தண்ணீர் என்று முடிவு செய்கிறோம். விற்பனையாளர் கொண்டுவரும் டி.டி.எஸ். மீட்டரும் கரைந்துள்ள உப்பின் அளவைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. இனிக்கும் தண்ணீரிலும் கிருமி இருக்கலாம், லேசாகக் கரிக்கும் தண்ணீர் பாதுகாப்பாகவும் இருக்கலாம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு.

விலையில் சேராத விலை

கேன் தண்ணீரில் பெரும்பகுதி நிலத்தடி நீர்தான். நம் கடற்கரையில் நிலத்தடி நன்னீர், கனமான உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே 1 மீட்டர் குறைந்தால், காலப்போக்கில் கீழே உப்பு நீர் 40 மீட்டர் வரை ஏறிவிடும். ஒருவர் ஆழ்துளைக் கிணற்றில் அளவில்லாமல் இறைத்தால் பக்கத்து வீட்டுக் கிணறும் உப்பாகிறது. அந்த இழப்பை அவரும் கொடுப்பதில்லை, வாங்கும் நாமும் கொடுப்பதில்லை. கிணறு உப்பான வீட்டார்தான் கொடுக்கிறார்கள். அவர்களும் மறுநாள் கேன் வாங்கத் தொடங்குகிறார்கள்.

உயிர் காக்கும் தண்ணீர் மலிவாகவும் பயன் குறைந்த வைரம் விலை உயர்ந்ததாகவும் இருப்பது ஏன் என்று 1776-இல் ஆடம் ஸ்மித் கேட்டார். நம் ஊரில் வைரத்துக்குப் பதில் முத்து என்று வைத்துக்கொள்ளலாம். அருமையானதற்கு விலை ஏறும், தாராளமாகக் கிடைப்பதற்கு விலை இருக்காது என்பதே பின்னால் வந்த பொருளியலாளர்கள் சொன்ன விடை. அதனால்தான் முத்துக்கு எப்போதும் கணக்கு இருந்தது. கடலடிப் பார்களில் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முதிர்ச்சி பார்த்து, அவற்றின் முத்தை மதிப்பிட்ட பிறகே அரசு முத்துக்குளிப்புக்கு அனுமதி தரும். சிப்பி இளசாக இருந்தால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. அத்தனை கட்டுப்பாடு இருந்தும், 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளுக்குப் பின் தூத்துக்குடிப் பார்கள் பழையபடி விளையவில்லை. எந்தக் கணக்கும் பார்க்காமல் இறைக்கப்படும் நிலத்தடி நீரின் கதி என்னவாகும் என்று யோசிக்க வேண்டும்.

குழாயைக் கைவிட்டால் என்ன ஆகும்?

1920-களில் நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து அவர்களின் முயற்சியால் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீர் குழாய் வழியே தூத்துக்குடிக்கு வந்தது. செல்வந்தர் வீட்டுக்கும் கூலித் தொழிலாளி வீட்டுக்கும் அது ஒரே நீர்.

ஒரு பொதுச் சேவை மோசமாகும்போது மக்களுக்கு இரண்டு வழிகள் உண்டு என்று 1970-இல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் எழுதினார்: குரல் கொடுப்பது, அல்லது வெளியேறுவது. கேன் வாங்குவது ஒரு வகை வெளியேற்றம். வசதியுள்ளவர் வெளியேறியதும், குழாயில் கலங்கல் வந்தால் அதிகாரியிடம் போய்க் கேட்கும் குரலும் போய்விடுகிறது. வெளியேற முடியாத ஏழைகள் அந்தக் கலங்கலோடு இருக்கிறார்கள். கேன் தண்ணீரால் வரும் பெரிய நஷ்டம் இதுதான்.

சேர்ந்து பேசினால் கவனம் திரும்பும் என்பதற்கும் சான்று உண்டு. கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் தருவதை எதிர்த்த வழக்கில், 1,000 லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குத் தரப்படுவதாக மனுதாரர் தரப்பு சொன்னது. நாம் கேனில் வாங்கும் 1,000 லிட்டருக்கு 1,750 ரூபாய். 2017 மார்ச் 1 முதல் தமிழக வணிகர் சங்கங்கள் அந்தப் பானங்களை விற்க மாட்டோம் என்று அறிவித்தன. மறுநாள் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை மனுக்களைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் ஆற்று நீரின் விலை என்ன என்ற கேள்வி அன்று கடைத்தெரு வரை வந்தது.

ரூமா கிணறு தரும் பாடம்

மதீனாவில் ரூமா கிணற்றின் நீர் விலைக்கு விற்கப்பட்டு வந்தது. உஸ்மான் (ரலி) அவர்கள் முதலில் அதில் பாதி உரிமையை வாங்கினார்கள் என்றும், ஒரு நாள் அவர்களுக்கு, மறுநாள் உரிமையாளருக்கு என்று முறை வைத்துக்கொண்டார்கள் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உஸ்மான் (ரலி) அவர்களின் நாளில் நீர் இலவசம். மக்கள் அன்றே இரண்டு நாளுக்கும் சேர்த்து இறைத்துக்கொண்டார்கள். உரிமையாளரின் நாளில் வாங்க ஆளில்லை. மீதிப் பாதியையும் விற்றுவிட்டார். கிணறு முழுவதும் எல்லோருக்கும் பொதுவானது. நல்ல நீர் பொதுவில் கிடைத்ததும் அங்கே விலைக்கு வாங்க ஆளில்லாமல் போனது என்பதே இதன் பாடம்.

நாம் செய்யக்கூடியவை

1. கேனை நிறுத்தும் முன்பும், ஆர்.ஓ. வாங்கும் முன்பும் குழாய் நீரையும் கிணற்று நீரையும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதிப்போம். கிருமிச் சோதனையும் சேர்த்துக் கேட்போம்.

2. உப்பு 500-க்குள் இருந்து, வேறு குறையும் இல்லையென்றால் ஆர்.ஓ. தேவையில்லை. வடிகட்டி, நன்கு கொதிக்கவிட்டு, மூடிவைத்துக் குடிக்கலாம். குளோரின் வாடை சிறிது நேரத்தில் போய்விடும்.

3. வீட்டு ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் தரும்போது பெரும்பாலும் இரண்டு மூன்று லிட்டரைக் கழிக்கிறது. அதைத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் பிடித்து வைப்போம்.

4. கேன் வாங்கியே ஆகவேண்டிய வீடுகளில் சீல், தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் பார்த்து வாங்குவோம். வெயிலில் கிடந்த கேன் வேண்டாம்.

5. மழையைப் பிடிப்போம். 1,000 சதுர அடி மாடியில் ஆண்டுக்கு 60 செ.மீ. மழை பெய்து, அதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும் ஏறத்தாழ 44,000 லிட்டர், அதாவது 2,200 கேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தது. சுற்றிலும் வெள்ளம் நிற்க, குடிக்க நீரின்றித் தவித்ததை நாம் மறக்கவில்லை. சேமிக்க இடம் இல்லாவிட்டால் பெருமழையும் தாகத்துக்கு உதவாது.

6. பள்ளிவாசல்களில் ஒளுச் செய்யும் குழாயைச் சிறிதாகத் திறப்போம். ஓடும் ஆற்றின் கரையிலும் விரயம் கூடாது என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒழுக்கம்.

7. குழாயில் கலங்கல் வந்தால், கேன் வாங்கும் வீட்டாரும் சேர்ந்து கையெழுத்திட்டு மனு கொடுப்போம். ஒரு தெருவின் மனுவுக்கு ஒரு வீட்டின் மனுவைவிட மதிப்பு அதிகம்.

தண்ணீர்ப் பந்தலும் கிணறும் அமைப்பதை நிலையான தர்மமாக நம் முன்னோர் கருதினார்கள். இன்று அதோடு, நம் தெருக்குழாயில் நல்ல நீர் வருகிறதா என்று கவனிப்பதும் சேர வேண்டும். அடுத்த மாதக் கணக்கில் தண்ணீருக்குத் தனி வரி ஒன்று போடுங்கள். அந்தத் தொகையைப் பார்த்த பிறகு, உங்கள் மஹல்லாவில் சேர்ந்து என்ன செய்யலாம் என்று ஜமாஅத்தில் பேசுங்கள். இன்ஷா அல்லாஹ், நல்ல வழி பிறக்கும்.