முன்விளக்கு மங்குதலும் அதன் பரிகாரமும்

காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விடியுமுன் சந்தைக்குப் புறப்படும் சிறு லாரிகளிலும், குடியானவர்களின் சொந்தக் கார்களிலும், சில வருஷங்கள் சென்றபின் முன்விளக்கின் மேல்மூடி மஞ்சளித்தோ, பால் தெளித்தாற்போல் வெளுத்தோ மங்கிவிடுவதைக் காணலாம். பல்புதான் பழையதாகிவிட்டதென்று எண்ணி அதனை மாற்றுவோர் அநேகர். 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட் பல்பைப் பொருத்துவோரும் உண்டு. இதனால் பாதை தெளிவதில்லை. மங்கிய மூடியில் பட்ட ஒளி நாற்புறமும் சிதறி, எதிரில் வருவோரின் கண்களைக் கூசச் செய்யும். மிகுந்த உஷ்ணம் விளக்கின் உட்பாகங்களையும் கெடுக்கும். பின்விளக்கில்லாத மாட்டுவண்டிகளும், இருளில் ஓரமாக நடந்து செல்லும் கூலியாட்களும் உள்ள கிராமச் சாலைகளில் இஃது அலட்சியம் செய்யத்தக்க விஷயமன்று. அமெரிக்க ஆட்டோமொபைல் அசோசியேஷன் 2018-ஆம் வருஷத்தில் வெளியிட்ட பரிசோதனை முடிவின்படி, ஏறக்குறைய 11 வருஷம் ஓடிய கார்களின் மங்கிய விளக்குகள் புதிய விளக்கின் ஒளியில் 22 சதவிகிதமே தந்தன. மேல்மூடியைச் சீர்படுத்திய பின்னர் அது சுமார் 70 சதவிகிதமாயிற்று.

முற்காலத்து விளக்குகளின் மூடி கண்ணாடியாலானது. அது வெயிலில் மஞ்சளிப்பதில்லை. இக்காலத்து மூடிகள் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. 1953-ஆம் வருஷத்தில் கண்டுபிடிக்கப்பட்ட இவ்வஸ்து லேசானது; கல் பட்டாலும் எளிதில் உடையாது. ஆனால் சுலபமாகக் கீறல் விழும். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களால் நிறம் மாறும். ஆதலால் தொழிற்சாலையிலேயே இதன்மேல் மெல்லியதும் கடினமானதுமான ஒரு பூச்சு இடப்படுகிறது. வெயிலும் புழுதியும் அப்பூச்சைத் தின்றுவிட்ட பின்னரே மூடி மங்கத் தொடங்குகிறது.

வேலையைத் தொடங்குமுன் மூடி பிளாஸ்டிக்தானா என்று பார்த்துக்கொள்ளுதல் அவசியம். பழைய டிராக்டர்கள் பலவற்றில் கண்ணாடி மூடியே உண்டு. அதனை உப்புத்தாளால் தேய்த்தால் கீறல்களே மிஞ்சும். பிறகு மூடியின்மேல் தண்ணீர் தெளித்துப் பார்க்கவேண்டும். ஈரமாயிருக்கும்போது தெளிவாகத் தோன்றினால் கோளாறு வெளிப்புறத்தில் உள்ளது, தேய்த்தால் தீரும். உட்புறத்தில் நீர்த்துளிகள் நின்றாலும், பிளாஸ்டிக்கினுள் நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருந்தாலும் தேய்ப்பதில் பிரயோஜனமில்லை.

சோப்பு நீரால் விளக்கைக் கழுவித் துடைத்து, சுற்றியுள்ள பெயிண்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டவேண்டும். பின்னர் நீரில் நனைத்த 1000-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால், தண்ணீர் விட்டுக்கொண்டே, ஒரே திசையாகத் தேய்த்தல் வேண்டும். பழைய பூச்சு உரிந்து திட்டுத்திட்டாக நின்றால் 800-ஆம் நம்பரிலிருந்து ஆரம்பிக்கலாம். முதலில் மஞ்சள் கலந்த நீர் வடியும். அது வெண்மையாக மாறும்வரை நிறுத்தலாகாது. பழைய பூச்சு அங்கங்கே மிஞ்சிவிட்டால், பின்னர் எவ்வளவு மெருகிட்டாலும் கறைபோல் தெரியும். பிறகு 1500, 2000, 3000 நம்பர் தாள்களால் வரிசையாக, ஒவ்வொரு முறையும் முந்தின திசைக்குக் குறுக்காகத் தேய்த்துவந்தால் முன் விழுந்த கீறல்கள் மறையும். இந்நிலையில் மூடி முன்னிலும் வெளுத்துத் தோன்றுவது கண்டு கலங்கவேண்டுவதில்லை. ரப்பிங் காம்பவுண்டு தொட்டு, மெல்லிய துணியால் அழுத்தித் தேய்த்தால் தெளிவு வரும்.

இவ்வளவோடு நிறுத்திவிடுவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. பழைய பூச்சு முழுதும் போய்விட்டபடியால், பிளாஸ்டிக் இப்போது வெயிலுக்கு நேரே திறந்து கிடக்கிறது. அப்படியே விட்டால் சில மாதங்களுக்குள் மறுபடியும் மங்கிவிடும். சில சமயங்களில் முன்னைக்காட்டிலும் விரைவாகவே மங்கும். பற்பசையால் தேய்ப்பதும் இத்தகையதே. அதிலுள்ள நுண்ணிய தூள் மேற்பரப்பைச் சற்று மெருகிடுகிறது. காப்பு ஒன்றும் அளிப்பதில்லை. பெட்ரோல், தின்னர் முதலியவற்றைத் தடவுதலோ பிளாஸ்டிக்கில் வெடிப்பு உண்டாக்கும். புதுப்பூச்சிட மனமில்லாதவர் தேய்க்காமலிருத்தல் நலம்.

ஆகவே, புற ஊதாக் கதிரைத் தடுக்குமென்று குறிப்பிட்ட, முன்விளக்குக்கென்றே விற்கப்படும் பூச்சை வாங்கிக்கொள்ளவேண்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் மூடியைத் துடைத்து, கைபடாமல் உலரவிட்டு, நிழலில், புழுதியில்லாத வேளையில், பூச்சை ஒரே சீராக இழுத்துத் தடவவேண்டும். நெல் தூற்றும் களத்தருகே இவ்வேலை ஆகாது. ஹார்டனர் கலந்து துப்பாக்கியால் தெளிக்கும் கிளியர் கோட் நெடுநாள் உழைக்குமாயினும், அதன் புகை நுரையீரலுக்குத் தீங்கு விளைவிப்பதால் அதனைத் தக்க முகமூடியுள்ள பட்டறைக்காரரிடம் விடுவதே தகும். எந்தப் பூச்சும் தொழிற்சாலைப் பூச்சுக்கு ஈடாகாது. வாகனம் வெயிலில் நிற்கும் அளவைப் பொறுத்து, ஓரிரு வருஷங்களில் மீண்டும் இடவேண்டியிருக்கும்.

டப்பாவில் கண்ட நேரம்வரை பூச்சின்மேல் தண்ணீரோ பனியோ படலாகாது. நன்றாய் உலர்ந்தபின், இரவில் வாகனத்தைச் சமதரையில் ஒரு சுவருக்கெதிரே நிறுத்தி, இரு விளக்குகளின் ஒளியும் ஒரே மட்டத்தில் விழுகின்றனவா என்று பார்த்து, ஏறியிருப்பின் இறக்கிக்கொள்ளவேண்டும்.